நீயும் நின்னும்

மேல போடாதீங்க அம்மணி. இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு அது யார் மண்டையிலயாச்சும் வந்து உழுகும். இப்படி எம்பட காலுக்குப் பக்கத்துல வெச்சுக்கங்க, நான் கருமத்தம்பட்டியில இறங்கிக்குவேன், அப்புறம் நீங்க சவுரியமா உக்காந்துக்கலாம். எத்தனை லிட்டருங்க பை? அம்பதா? எம்படது அறுவது. பையை லிட்டர்ல அளக்கறாங்கன்னு எம்பட பையன் வாங்கியாந்தப்பத்தான் எனக்கே தெரியும். பால் ஊத்தறதுக்காடான்னு கேட்டேன்.

சிரிக்கறீங்க. நானும் முதுகுல பை மாட்டிக்கிட்டு ஊர் சுத்துனவந்தானுங்க. சீனாவுல குன்மிங்னு ஒரு ஊரு, போன தை மாசம் போனோம். இப்ப அதே ஊருக்குத்தான் எம்பட சம்சாரம் மறுக்காப் போறா. தனியா. இப்பத்தான் ஏர்போர்ட்ல உட்டுட்டு வந்து இந்த பஸ்ஸைப் புடிச்சேன். நான் ஏன் போகலைன்னு கேப்பீங்க. கூப்பிடலீங்க. அதான் சங்கதி. உங்க பையைப் பாத்ததும் சொல்லோணும்னு தோணுச்சு. வெளியாளு நீங்க, ரெண்டு பக்கமும் சாயாம கேட்டுட்டு நாயம் சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

எம்பட பேரு சென்னியப்பன். சோமனூர்ப் பக்கம் இருவத்தி நாலு தறி ஓடுது. சம்சாரம் சுலோச்சனா. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில பொத்தான், ஜிப்பு, லேபிள் இதெல்லாம் சீனாவுல இருந்து வரவழைக்கற வேலை, பதினோரு வருசமாச்சு. ஒரு நாளும் வேலைக்குப் போகாதேன்னு நான் சொன்னதில்லீங்க. காலையில எந்திரிச்சு எனக்கு டிபன், மத்தியானச் சாப்பாடு எல்லாம் பண்ணி மூடி வெச்சுட்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போவா. அத்தனை சுதந்திரம் குடுத்திருந்தேன். பொத்தான் கம்பெனிக்காரங்ககிட்டப் பேசிப் பேசியே அந்த பாஷையைக் கத்துக்கிட்டா. சமையக்கட்டுல நின்னுக்கிட்டு போன்ல அவ பேசறப்ப, டிவி ஓடுதுன்னு நெனைச்சுக்குவேன்.

யாரோ ஒரு பொத்தான்காரி சொன்னாளாம், குன்மிங்ல வருசம் முச்சூடும் ஒரே மாதிரி இருக்கும், வேர்க்காது, நடுங்காதுன்னு. அதுல இருந்து அந்த ஊரைப் பாக்கோணும்னு ஆசை. அதுக்கு எதுக்கு சீனா போகோணும், கோயமுத்தூர் இருக்குதேன்னேன். பையன் பெங்களூர்ல இருந்து ரெண்டு பையை வாங்கியாந்து கூடத்துல வெச்சுட்டு, "அப்பா, அம்மா வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான், போயிட்டு வாங்க"ன்னான். சரின்னுட்டேன். நான் கோவக்காரன் இல்லீங்க, சோமனூர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிப்போட்டேன், ரெண்டு பாஸ்போர்ட்டும் எங்கிட்டத்தான் இருக்கோணும்னு. இடுப்புல கட்டற பை ஒண்ணு வாங்கி அதுல போட்டு, தூங்கறப்பக்கூடக் கழட்டாம வெச்சிருந்தேன். பொம்பளைங்க எங்காச்சும் வெச்சுட்டு மறந்துருவாங்க. அதுக்குத்தானுங்க, வேற ஒண்ணுமில்லை.

நீங்க எந்தப் பக்கமுங்க? தஞ்சாவூரா? அப்ப நான் இப்பச் சொல்றது உங்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். எங்க பக்கம் மூணு வயசுக் குழந்தையைக்கூட "வாங்க சாமி, உக்காருங்க"ம்போம். கல்யாணம் ஆகி இருவத்தி ஏழு வருசத்துல சுலோச்சனா வாயில இருந்து என்னைப் பாத்து "நீ"ன்னு ஒரு சொல்லு வந்ததில்லை. ஏனுங்க, வாங்க, சாப்பிடுங்க, அவ்வளவுதான். சண்டை போட்டாலும் "நீங்க பேசறது நல்லா இல்லீங்க"ம்பா. நான் அவளை நீம்பேன். அது வழக்கம்.

சரி, ஊருக்குப் போயாச்சு. ஓட்டல் கெடையாது, ஹாஸ்டலாம். எட்டுப் பேரு ஒரே ரூமுல, மேல ஒரு கட்டில் கீழ ஒரு கட்டில். இது என்ன பிரசவ வார்டான்னு கேட்டேன். ஒருவழியா ரெண்டு பேருக்குத் தனி ரூம் கெடைச்சுது. ஆனா சமையக்கட்டு எல்லாத்துக்கும் பொது. ஊரு நல்ல ஊருதானுங்க, சும்மா சொல்லக்கூடாது. வெயில் இருக்கும், சுடாது. காத்து இருக்கும், குத்தாது. ரோடெல்லாம் கரண்டு ஸ்கூட்டரு. பின்னால வந்தாச் சத்தமே கேக்காது. மொத நாளே ரெண்டு தடவை என்னைய இடிக்கப் பாத்தானுக, அவதான் சட்டையைப் புடிச்சு இழுத்து உட்டா.

அந்த ஹாஸ்டல்ல இருந்தவந்தான் குவோ. அம்பது வயசு இருக்கும், பீஜிங் பக்கத்து ஆளு. ரயில்வே வேலைய உட்டுட்டு, அவன் ஊர்ல குளுர் தாங்கலைன்னு வருசா வருசம் பையைத் தூக்கிக்கிட்டு அங்க வந்துருவானாம். செவப்புத் தொப்பி ஒண்ணு போட்டுக்குவான். வாசல்ல எங்களைப் பாத்ததும் சுலோச்சனா "நீ ஹாவ்"ன்னா. அவனும் திருப்பி "நீ ஹாவ்"ன்னான். அது வணக்கமாம். என்னையப் பாத்து மட்டும் தலையைக் குனிஞ்சு "நின் ஹாவ்"ன்னான். நின்! நான் நின்னுக்கிட்டுத்தானேடா இருக்கேன், மறுக்கா எதுக்கு என்னைய நிக்கச் சொல்றேன்னு நெனைச்சேன்.

அடுத்த நாள் காலையில எந்திரிச்சா பக்கத்துக் கட்டில்ல அவளைக் காணோம். சமையக்கட்டுல இருந்து சிரிப்புச் சத்தம். போய்க் கதவுகிட்ட நின்னேன். இவ ரவையை வறுத்து உப்புமா கிண்டறா, அவன் ஒரு கிண்ணத்தை நீட்டிக்கிட்டு நிக்கறான். இவ கரண்டியை ஆட்டிக்கிட்டே "நீ... நீ..."ங்கறா. அவனும் "நீ... நீ..."ங்கறான். எனக்கு மிச்சம் ஒரு எழுத்துப் புரியலை. நீ மட்டும் புரியுது. வூட்டுல அவ சிரிக்கவே மாட்டாள்னு சொல்ல வரலீங்க. டிவி பாத்தாச் சிரிப்பா. ஆனா அந்தச் சிரிப்பு வேற.

அவனை அவ என்னன்னு கூப்பிட்டா தெரியுங்களா? லாவ் குவோ. லாவ்! எங்காதுல லவ்வுன்னேதான் உழுந்துச்சு. அப்புறம் கேட்டா, லாவ்னா வயசுல பெரியவரு, நம்ம அண்ணாங்கற மாதிரின்னு சொல்றா. இருக்கட்டும். அதுக்குன்னு காலங்காத்தால ஒரு பொம்பளை வாயில அந்தச் சொல்லு என்னத்துக்குங்க?

ரூமுக்கு வந்ததும் கேட்டேன். "என்ன புள்ள, முன்னப் பின்னத் தெரியாதவனை நீ நீங்கறே?"

"அவங்க பாஷையிலயும் நீன்னா நீதானுங்க. நம்ம தமிழ்ல இருக்கற அதே சொல்லு. எனக்கே பேசக் கத்துக்கிட்டப்ப ஆச்சரியமா இருந்துச்சுங்க."

"அப்ப மருவாதைங்கறதே கெடையாதா அவனுகளுக்கு?"

"இருக்குதுங்களே. மருவாதைக்குன்னு தனியா ஒரு சொல்லு இருக்குதுங்க, அது வந்து..."

"போதும், நிறுத்து"ன்னேன். எனக்குப் பாடம் நடத்த வர்றா, பாருங்க. அவளும் நிறுத்தீட்டா. இதுல ஒண்ணுஞ் சொல்லக்கூடாது, நான் சொன்னா நிறுத்திக்குவா.

அன்னைக்கு முழுக்க குவோ எங்களுக்கு ஊர் சுத்திக் காட்டுனான். யாரு கூப்பிட்டாங்கன்னு தெரியலை. அவிய ரெண்டு பேரும் முன்னால பேசிக்கிட்டே போறாங்க, நான் அறுவது லிட்டரையும் முதுகுல சுமந்துக்கிட்டுப் பின்னால போறேன். பையை எதுக்கு ஹாஸ்டல்ல வெக்காம தூக்கிட்டு வர்றீங்கன்னு அவ கேட்டா. எவனையும் நம்பக்கூடாதுன்னு தமிழ்ல சத்தமாவே சொன்னேன். அவன் திரும்பிப் பாத்து, "நின்... நின்"ன்னு என்னமோ சொல்லிக்கிட்டு எம்பட பையை வாங்கக் கையை நீட்டுனான். நான் குடுக்கலை. நானே நடந்துக்கிட்டு இருக்கேன், எதுக்கெடுத்தாலும் என்னைய நிக்கச் சொல்றான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ராத்திரிச் சாப்பாட்டைக்கூட வேண்டாம்னுட்டேன். அவ ரெண்டு தடவை எழுப்பிப் பாத்தா, மூணாவது தடவை எழுப்பலை.

மூணாவது நாளு. மணி பதினொண்ணு இருக்கும். ஹாஸ்டல் வாசல்ல பெரிய மேசை. அதுல மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு, இவளும் அவனும் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்காங்க. மேக்கால மலை ஒண்ணு இருக்குதாம், ஒட்டுக்காப் போலாமாம். நான் சோபாவுல உக்காந்திருக்கேன். நானும் அங்கதானே இருக்கேன்? இவ அவன் கையில ஒரு தட்டுத் தட்டி "நீ!"ன்னா. அவ்வளவுதானுங்க. என்னமோ கேலி பண்ணியிருக்கா. கையில தட்டுனாளுங்க! எந்திரிச்சுட்டேன்.

"நீயும் உம்பட லாவும் எங்கியோ போய்த் தொலைங்க"ன்னேன்.

அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ஏனுங்க, என்னங்க பேசறீங்க? நில்லுங்க"ன்னு எந்திரிச்சா. நான் வெளியில வந்துட்டேன். பின்னாலயே அவன் ஓடியாறான். "நின் தெங்! நின் தெங்!"ன்னு கத்திக்கிட்டு வர்றான். ரோட்டுல போறவனெல்லாம் பாக்கறான். நீங்களே சொல்லுங்க அம்மணி. கட்டுன பொண்டாட்டிகிட்ட நீ, எங்கிட்ட நில்லு. எவனாச்சும் பொறுத்துக்குவானா? திரும்பியே பாக்கலை. வேகத்தைக் கூட்டி ரெண்டு சந்து தாண்டி எங்கியோ பூந்து போயிட்டேன்.

எம்பட போன் அங்க வேலை செய்யாதுங்க, சிம்மு எல்லாம் அவ போன்லதான். அது எனக்கு அப்பத் தோணலை. தோணியிருந்தாலும் போயிருப்பேன்னு வெச்சுக்கங்க.

நடந்து நடந்து ஒரு ஏரிக்கு வந்து சேந்தேன். ஊருக்கு நடுவுலயே ஏரி. வெள்ளை வெள்ளையாப் பறவைங்க, ஆயிரக்கணக்குல. எங்கியோ குளுர் நாட்டுல இருந்து வருதாம். சனங்க ரொட்டியைப் பிச்சு மேல வீசறாங்க, அதுக அந்தரத்துலயே கவ்விக்குது. வயசானவிய கூட்டமாச் சேந்து பாட்டுப் பாடறாங்க, ஆடறாங்க. நான் ஒரு பெஞ்சுல உக்காந்தேன். தேடிக்கிட்டு வரட்டும்னு உக்காந்தேன். அவதான் வரோணும், நான் போகக்கூடாது. அப்படி ஒரு வீம்பு. அந்த வெயில் இருக்குதே, கோவத்தையே ஆத்திப்போடற வெயிலு. அதனாலயே எனக்கு இன்னும் எரிச்சல். ஆறக்கூடாதுன்னு உக்காந்திருந்தேன்.

ஒரு மணி ஆச்சு. ரெண்டு ஆச்சு. வரலை. சரி, மலைக்குப் போயிட்டாங்க ரெண்டு பேரும்னு முடிவு பண்ணிட்டேன். ஒருத்தி உருளைக்கிழங்கைச் சுட்டு மொளகாப் பொடி தூவி வித்துக்கிட்டு இருந்தா. வாங்கித் தின்னேன். நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. இன்னொரு தட்டும் வாங்கினேன். அந்த நேரத்துல அவ... சரி, வரிசையாவே சொல்றேன்.

நாலேமுக்காலுக்குத்தான் ஹாஸ்டலுக்குத் திரும்புனேன். வழி தெரியாம சுத்தி, ஒரு மாதிரி கண்டுபுடிச்சு வந்தேன். அந்த ஹாஸ்டல்காரம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தவ, என்னையப் பாத்ததும் ஓடியாந்து சட்டையைப் புடிச்சுக்கிட்டா. போனை எம்பட மூஞ்சிக்கு நேராக் காட்டறா. அதுல தமிழ்ல எழுதியிருக்குது. மெசினு எழுதுன தமிழு. "உங்கள் மனைவி வாகனம். எலும்பு. மருத்துவமனை. காத்திருக்கிறார்கள் நீங்கள்." அம்மணி, அந்த நாலு வரியைப் படிக்க எனக்கு எத்தனை நேரமாச்சுன்னு தெரியலை. அந்தம்மாளே ஒரு டாக்சியை நிறுத்தி என்னைய ஏத்துனா.

டாக்சியில போகப் போக அந்தம்மா போன்ல பேசப் பேச, எழுத்து வந்துக்கிட்டே இருக்குது. நான் போனதும் சுலோச்சனா ஒரு பக்கம், குவோ ஒரு பக்கம் என்னையத் தேடிப் போயிருக்காங்க. இவ ரோட்டைத் தாண்டறா, எதுத்தாப்புல யாரோ வேட்டி கட்டுன ஆளு மாதிரி தெரிஞ்சுதாம், பாத்துக்கிட்டே இறங்கியிருக்கா. கரண்டு ஸ்கூட்டரு. சத்தமே கேக்கலை. நான் அன்னைக்கு வேட்டி கட்டலீங்க. பேன்ட்தான் போட்டிருந்தேன்.

விழுந்ததுல வலது கை மணிக்கட்டு ரெண்டா ஒடிஞ்சு எலும்பு உள்ளுக்குள்ள நகந்துருச்சு. பன்னெண்டே காலுக்கே ஆஸ்பத்திரி கொண்டு போயிட்டாங்க. படம் எடுத்தாச்சு, வலிக்கு ஊசி போட்டாச்சு. ஆனா ஆபரேசனுக்கு அங்க பாஸ்போர்ட்டு வேணுமாம், வூட்டு ஆளு கையெழுத்தும் வேணுமாம். பாஸ்போர்ட்டு எங்க இருக்குது? எம்பட இடுப்புல. வூட்டு ஆளு எங்க? ஏரிக்கரையில கெழங்கு தின்னுக்கிட்டு இருக்கறேன்.

ஆஸ்பத்திரியில பெரிய தாழ்வாரம். அந்தக் கடைசியில ஒரு கட்டில்ல அவ படுத்திருக்கா. கையைப் பலகையில வெச்சுக் கட்டியிருக்குது. விரலெல்லாம் கத்திரிக்கா நெறத்துல வீங்கிக் கெடக்குது. மூஞ்சி சாம்பலாட்டம். பக்கத்துல ஸ்டூல்ல குவோ உக்காந்திருக்கான். அந்தச் செவப்புத் தொப்பியைக் கழட்டி மடியில வெச்சிருந்தான். என்னையப் பாத்ததும் எந்திரிச்சான்.

நான் என்ன கேட்டேன்னு நீங்களே ஊகிச்சுக்குவீங்க. இல்லீங்க, நானே சொல்லிடறேன். இத்தனை சொல்லிட்டு இதை மறைக்கக்கூடாது. "இவன் எதுக்கு இங்க உக்காந்திருக்கான்?"ன்னு கேட்டேன். வலிக்குதான்னு கேக்கலை. என்ன ஆச்சுன்னு கேக்கலை. வாயில அதுதானுங்க வந்துச்சு. பயத்துல வந்ததுங்க. பயந்தா எனக்குக் கோவமாத்தான் வரும், எங்கய்யனுக்கும் அப்படித்தான்.

அவ கண்ணைத் தொறந்து என்னையப் பாத்தா. "விரல் மரத்துப் போச்சு. நீ மொதல்ல கையெழுத்தைப் போடு"ன்னா.

நீ. என்னைய. இருவத்தி ஏழு வருசத்துல மொத தடவை.

அந்த டாக்டரு காயிதத்தை நீட்டிக்கிட்டு நிக்கறாரு. நர்சு நிக்கறா. நான் என்ன பண்ணோணும்? பேனாவை வாங்கோணும். நான் வாங்கலை. "என்ன சொன்னே?"ன்னு கேட்டேன். "இன்னொருக்காச் சொல்லு, என்ன சொன்னே?" அவ கண்ணுல இருந்து தண்ணி மட்டும் காதுப் பக்கம் வழியுது. எத்தனை நேரம் அப்படி நின்னேன்னு கேக்காதீங்க. சித்த நேரந்தான். சித்த நேரந்தானுங்க. குவோதான் டாக்டர்கிட்ட இருந்து பேனாவை வாங்கி, ரெண்டு கையாலயும் புடிச்சு, தலையைக் குனிஞ்சு எங்கிட்ட நீட்டுனான். "நின்"ன்னான். நான் இடுப்புப் பையைத் தொறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுத்துட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.

ஆபரேசன் நல்லாத்தான் முடிஞ்சுது. தகடு வெச்சாங்க. அந்தக் கை இப்ப முழுசாத் திரும்பாது, பாத்தரம் தூக்க முடியாது, சுண்டுவிரல் மரத்தது மரத்ததுதான். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா"ன்னு டாக்டரு ஆரம்பிச்சது போன்ல தமிழ்ல வந்துச்சு, மிச்சம் வர்றதுக்குள்ள சுலோச்சனா அவரைப் பாத்துத் தலையாட்டி நிறுத்தீட்டா. எலும்புன்னா அப்படித்தானுங்க, ஒருத்தருக்கு ஒட்டும், ஒருத்தருக்கு ஒட்டாது. அவ இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டலை.

மறுநாள், அவன் என்னைய நில்லு நில்லுன்னானேன்னு நான் ஆரம்பிச்சதும் அவளேதான் சொன்னா. கோவமெல்லாம் இல்லை, கணக்குப் பாடம் மாதிரி சொன்னா. "நின்னுன்னா நில்லு இல்லீங்க. நீங்கன்னு அர்த்தம். அவங்க ஊர்ப்பக்கம் பெரியவங்களுக்குச் சொல்றது. மொத நாள்ல இருந்தே உங்களுக்கு அவரு அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாருங்க. நின் தெங்னா, நீங்க சித்த இருங்கன்னு. நான் அன்னைக்கே சொல்ல வந்தனுங்க, நீங்க போதும்னுட்டீங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப உனக்கு மட்டும் ஏன் அவன் நீங்கறான்?"ன்னு கேட்டுட்டேன்.

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. "தூக்கம் வருதுங்க"ன்னா.

குவோவுக்கு நன்றி சொன்னேனான்னா கேக்கறீங்க? எந்த பாஷையிலங்க சொல்றது? நாங்க கெளம்பற அன்னைக்கு அவன் வாசல் வரைக்கும் எம்பட பையைத் தூக்கியாந்தான். தூக்கட்டும்னு உட்டேன். அது போதாதுங்களா?

ஊருக்கு வந்ததுல இருந்து ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. முந்தி இருந்ததை உட ஜாஸ்தி மருவாதை. முந்தியெல்லாம் காப்பி கொண்டாந்து டொக்குன்னு வெச்சு, "ஆறிப்போகுதுங்க, அந்தப் பேப்பரை அப்புறம் படிச்சாத்தான் என்னங்க"ன்னு சத்தம் போடுவா. இப்ப "காப்பி கொண்டாரட்டுங்களா?"ன்னு கேக்கறா. நான் சரின்னாத்தான் கொண்டாரா. சத்தமே இல்லை. தறி ஓடாத நாள்ல வூட்டுக்குள்ள எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க.

போன மாசம் வந்து, "நான் மறுக்கா அந்த ஊருக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேனுங்க"ன்னா. கேக்கலை, சொன்னா. எனக்கு உடனே அவந்தான் ஞாபகத்துக்கு வந்தான். உங்களுக்கும் வந்திருக்கும். கேட்டேன், அவன் அங்க இருப்பானான்னு. "இப்ப இருக்க மாட்டாருங்க. அவரு குளுருக்குத்தான் வருவாரு, இன்னும் மூணு மாசம் ஆகும்"ன்னா. அப்ப யாரைப் பாக்கப் போறேன்னேன். "ஊரைப் பாக்கத்தானுங்க. போன தடவை ஆஸ்பத்திரிக் கூரையைத்தானே பாத்தேன்"னா. பெட்டியில இருந்து அவ பாஸ்போர்ட்டை எடுத்து நானே கொண்டுபோய்க் குடுத்தேன். "வெச்சுட்டுப் போங்க"ன்னா.

கணியூர் தாண்டிட்டான், பாருங்க. அடுத்தது எம்பட ஸ்டாப்பு.

இன்னைக்கு ஏர்போர்ட் வாசல்ல பையை நான் மாட்டி உடறேன்னேன். வேண்டாங்கன்னு இடது கையாலயே இழுத்து மாட்டிக்கிட்டா. "எந்தத் தேதிக்குத் திரும்பறே?"ன்னு கேட்டேன். "சொல்றேனுங்க"ன்னா. "டிக்கெட்டுல போட்டிருக்குமே"ன்னேன். "அது மாத்திக்கலாமுங்க. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. பாத்துப் போங்க"ன்னா. ஒரு சொல்லு தப்பில்லை. பக்கத்துல நின்ன ஒரு அம்மா எங்களைப் பாத்து, இந்தக் காலத்துல இப்படி ஒரு மருவாதையான்னு நெனைச்சிருப்பாங்க. எனக்கு அந்த எடத்துலயே உக்காந்துக்கலாம்போல இருந்துச்சு. திட்டுடி, ரெண்டு திட்டுத் திட்டீட்டாவது போன்னு கத்தோணும்போல இருந்துச்சு. அத்தனை பேரு இருக்கற எடம். கத்தலை.

டிரைவரண்ணா, கருமத்தம்பட்டி, நிறுத்துங்க!

நீங்க எந்திரிக்காதீங்க அம்மணி, நான் தாண்டிப் போயிக்கறேன். ஏறுனதுல இருந்து எம்மேல என்ன தப்புன்னு கேட்டேன். நீங்களும் ஒண்ணுஞ் சொல்லலை. வேண்டாம், சொல்லாதீங்க. அந்த ஆஸ்பத்திரியில என்னைய நீன்னாளே, அப்ப அவளுக்கு நான் வேணும்னு இருந்துச்சுங்க.